ரோமாபுரி ராஜாவுக்கு நான் வைத்த மீசை

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு வேலையாக மெட்ராஸ் போயிருந்தேன். பார்க்க வேண்டிய மனிதர் மூன்று மணிக்கு வரச் சொல்லிவிட்டார். அப்போது மணி பதினொன்று. வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். நிழலும் ஃபேனும் சேர்ந்து கிடைக்கிற இடம் எது? மியூசியம்! நுழைந்துவிட்டேன்.

கல் சிலைகளைத் தாண்டி, செப்பேடுகளைத் தாண்டி, பழங்காசுகள் இருக்கிற அறைக்கு வந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் கறுத்துப்போன வெள்ளிக்காசுகள். நாலணா சைஸ்தான், கொஞ்சம் தடிமன். சும்மா பார்த்துக்கொண்டே வந்தவன் மூன்றாவது காசில் நின்றுவிட்டேன்.

எனக்குத் தெரிந்த முகம்!

பக்கவாட்டில் பார்க்கிற ஓர் ஆண் முகம். எடுப்பான மூக்கு, தடித்த கழுத்து. தலையில் இலைகளைக் கோத்துக் கட்டின வளையம். அதன் ரிப்பன் முனைகள் பிடரியில் தொங்குகின்றன. கன்னத்தில், காதோரத்திலிருந்து தாடை வரைக்கும் ஓர் உளிவெட்டு. அந்த வெட்டை எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். கீழே அட்டையில் எழுதியிருந்தார்கள் — ரோமாபுரிப் பேரரசர், மதுரை மாவட்டத்தில் கிடைத்த வெள்ளிக்காசு, ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியது. பேரும் போட்டிருந்தது. பேர் நமக்கு வேண்டாம்... வாரிசுகள் யாராவது இருந்து கேஸ் போட்டால் யார் அலைவது?

ஃபேனுக்கு நேர் கீழே நின்றும் எனக்கு வியர்த்தது. ஏனென்றால், இந்த ராஜாவுக்கு நான் மீசை வைத்திருக்கிறேன். தலைப்பாகை கட்டியிருக்கிறேன். தோளில் துண்டு போட்டிருக்கிறேன். போடிநாயக்கனூருக்குப் பக்கத்தில் சிலமலையில், ஒரு வீட்டுச் சுவரில், சந்தனப் பொட்டும் மாலையுமாக அவர் இருக்கிறார். அமாவாசை தவறாமல் இலை போட்டுப் படைக்கிறார்கள். அந்த வீட்டுக்கு அவர்தான் அப்பா!

சொல்கிறேன்.

எழுத வருவதற்கு முன்னால் நான் போடியில் போர்டு எழுதிக்கொண்டிருந்தவன். எழுபதுகளின் நடுவில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எட்டுக்கு எட்டு கடை. கடைப் பெயர்ப் பலகை, ஜீப்பு நம்பர் பிளேட்டு, சுவர் விளம்பரம் எல்லாம் எழுதுவேன். ஆள் படமும் வரைவேன் — போட்டோ கொடுத்தால்.

ஒருநாள் சிலமலையிலிருந்து பொன்னுச்சாமி வந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயசு இளையவர். கீழே கொஞ்சம் நஞ்சை, மேலே போடிமெட்டு தாண்டி ஓர் ஏலக்காய்த் தோட்டம். என் கடையில்தான் ஜீப்புக்கு நம்பர் எழுதிக்கொள்வார்.

"அண்ணே, எங்கப்பா படம் ஒண்ணு வரையணும். பதினஞ்சு நாள்ல வேணும்."

"போட்டோ கொண்டாந்திருக்கியா?"

"போட்டோ இருந்தா ஸ்டுடியோவுக்குப் போயிருப்பேன்ல. ஒங்ககிட்ட எதுக்கு வர்றேன்?"

விஷயம் இதுதான். பொன்னுச்சாமிக்கு நாலு வயசாக இருக்கும்போது அப்பா மலையிலேயே காய்ச்சல் கண்டு இறந்துபோனார். போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று பயந்து ஒரு தடவைகூட ஸ்டுடியோ பக்கம் போகாதவர். எடுக்காமலே ஆயுசு குறைந்துவிட்டது. அப்போது அம்மா வயிற்றில் இருந்த பிள்ளைதான் தங்கச்சி ராஜாத்தி. இப்போது ராஜாத்திக்குக் கல்யாணம். அந்தப் பெண் ஒரே பிடியாக நிற்கிறதாம்.

"'ஊர்ல எல்லாப் பிள்ளையும் அப்பா கால்ல விழுந்துட்டு மணவறைக்குப் போகுது. அப்பா இல்லேன்னா படத்துக்காச்சும் விழுகுது. நான் எதுல விழுக? பந்தக்கால்லயா?'ன்னு கேக்குதுண்ணே. நான் என்னத்தச் சொல்ல?"

நான் ஒப்புக்கொண்டேன். எதைப் பார்த்து வரைவது? சிலமலைக்குப் போய்ச் சொந்தக்காரர்களை விசாரித்தேன். சித்தப்பா ஒருத்தர் 'மூக்கு எடுப்பா இருக்கும்' என்றார். மாமா ஒருத்தர் 'சப்பை மூக்குல்ல?' என்றார். மூன்றாவது ஆள் 'ரொம்ப நல்ல மனுசன்யா' என்றார். நல்ல மனுஷனை எந்த பிரஷ்ஷில் வரைவது?

கடைசியில் பொன்னுச்சாமியின் அம்மாவிடம் கேட்டேன். பெயர் முத்தம்மா. நாற்பதைத் தாண்டி இரண்டு மூன்று வயசுதான் இருக்கும். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "எல்லாரும் மாதிரித்தான் இருப்பாக" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

பொன்னுச்சாமி முகத்தையே கொஞ்சம் வயசாக்கி, தாடையை அகட்டி ஒரு படம் வரைந்தேன். சித்தப்பா மூக்கு வைத்து ஒன்று, மாமா சொன்ன மூக்கு வைத்து ஒன்று. ஆக மூன்று. மூன்றும் நேராகப் பார்க்கிற படங்கள். கும்பிடுகிற படம் என்றால் அப்படித்தானே வரைவோம்? மூன்றையும் முத்தம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இவுக இல்ல" என்றார். ராஜாத்தி ஒவ்வொரு தடவையும் ஓடிவந்து நிற்பாள். அம்மா தலையசைத்ததும் உள்ளே போய்விடுவாள். கல்யாணத்துக்கு இன்னும் எட்டே நாள்தான்.

மறுநாள் பொட்டிபுரத்தில் ஒரு பம்புசெட்டுச் சுவரில் உர விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தேன். தோட்டக்காரர் கருப்பையா மடியிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு வந்தார். கிணற்றை ஆழப்படுத்தும்போது ஒரு சின்னக் கலயம் அகப்பட்டதாம். அதற்குள் கொஞ்சம் வெள்ளிக்காசு.

"அண்ணே, நீங்க இங்கிலீசு எழுத்தெல்லாம் எழுதுறவுக. இதுல என்ன போட்ருக்குனு பாத்துச் சொல்லுங்க."

எனக்கு இங்கிலீஷ் எழுதத்தான் வரும். வாசிக்க வராது. இந்த ரகசியத்தை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒன்றை வாங்கிப் பார்த்தேன். எழுத்துகள் இடைவெளியே விடாமல் முகத்தைச் சுற்றி வட்டமாக ஓடின.

"வெள்ளக்காரன் காசு" என்றேன்.

"எந்த வெள்ளக்காரண்ணே?"

"பழைய வெள்ளக்காரன்."

கருப்பையாவுக்கு அந்த முகத்தில் அக்கறையே இல்லை. காசைத் திருப்பிக் காட்டினார். மறுபக்கத்தில் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் நீளமான தண்டம். இன்னொரு கையில் இலைக்கொத்து.

"பாத்தீகளா? வேப்பிலையோட ஆத்தா ஒக்காந்திருக்கா! இத வீட்ல வச்சுப் பொழங்க முடியுமா? ஒருநாள்போல சுத்தபத்தமா இருக்க முடியுமா? நாளைக்கே தாலுகா ஆபீஸ்ல ஒப்படைச்சுர்றேன். சர்க்காரே வச்சுக் கும்பிட்டுக்கட்டும்." காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சொன்னபடியே செய்தார். அந்தக் காசுகள் உருகிக் கொலுசாகாமல் மியூசியம் வரை போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் ஆத்தா மேல் கருப்பையாவுக்கு இருந்த பயம்தான். மியூசியம் அட்டையில் அந்தப் பெண்ணை அமைதித் தேவதை என்றும், கையில் இருப்பது ஒலிவக் கிளை என்றும் போட்டிருக்கிறார்கள். இருக்கட்டும்... பொட்டிபுரத்துக்காரருக்கு ஒலிவ மரத்தை யார் காட்டினார்கள்?

நான் பார்த்தது முகத்தை. அந்த மூக்கு! அந்தக் கழுத்து! எவனோ வெள்ளிதானா என்று சோதிப்பதற்காகக் கன்னத்தில் உளியை வைத்திருக்கிறான். அதுகூட அந்த முகத்துக்கு ஒரு களை கொடுத்தது. ஒரு மனிதனின் முகம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று தோன்றியது. காசை என் கையில் விட்டுவிட்டுக் கருப்பையா குளிக்கப் போன நேரத்தில், அதன் மேல் ஒரு தாளை வைத்து பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் செய்த வேலைதான். காசு கருப்பையாவிடமே திரும்பிப் போய்விட்டது. ராஜா என் சட்டைப்பைக்கு வந்துவிட்டார்.

கடையைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். தாளில் கட்டம் போட்டேன். போர்டில் அதே கட்டத்தைப் பெரிதாகப் போட்டு, நாலணா சைஸ் முகத்தை இரண்டடிக்குக் கொண்டுவந்தேன். இலை வளையத்தை என்ன செய்வது? அதன் மேலேயே தலைப்பாகை. தொங்குகிற ரிப்பன் முனை தலைப்பாகையின் வாலாகிவிட்டது. உளிவெட்டு கன்னத்து மடிப்பானது. ராஜா மழுங்கச் சிரைத்திருந்தார். சிலமலையில் மீசை இல்லாமல் ஓர் ஆம்பளையா? வைத்தேன். பக்கவாட்டுப் படம் என்பதால் பாதி மீசைதான் வைக்க முடிந்தது. வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு... முடிந்தது.

செய்தது திருட்டு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. யாரோ ஒருத்தன் முகத்தை எடுத்து, தகப்பனைப் பார்க்காத பிள்ளைக்கு 'இந்தா உன் அப்பா' என்று கொடுக்கப்போகிறேன். ஆனாலும் எடுத்துக்கொண்டு போனேன்.

படத்தைக் கூடத்தில் சாய்த்துவைத்தேன். முத்தம்மா அதே கதவுக்குப் பின்னால் வந்து நின்றார். வெகுநேரம் பார்த்தார். முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். "இது இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ராஜாத்தி மெதுவாகக் கிட்டே வந்தாள். அந்தக் கன்னத்து மடிப்பின் மேல் விரலை வைத்தாள். பிறகு, "அப்பா..." என்றாள். பிறந்ததிலிருந்து யார் முகத்தையும் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்லாத பெண். பொன்னுச்சாமி தூணைப் பிடித்துக்கொண்டு விம்மினார். எனக்கும் அழுகை வந்தது. அவர்கள் அழுதது வேறு, நான் அழுதது வேறு.

கூலி வேண்டாம் என்றேன். அதற்கும் என்னைப் பெரிய மனுஷன் ஆக்கிவிட்டார்கள்.

இது நடந்து பத்து வருஷத்துக்கு மேலாகிறது. நான் மதுரைக்கு வந்து, பிரஷ்ஷை விட்டுப் பேனாவைப் பிடித்துவிட்டேன். ஆனால் வருஷா வருஷம் தை மாசம் பொன்னுச்சாமியிடமிருந்து ஒரு பார்சல் வரும். நல்ல பச்சை ஏலக்காய். வீட்டில் அதைப் போட்டுப் பாயசம் வைப்பார்கள். எல்லோருக்கும் இனிக்கும். எனக்கு மட்டும் தொண்டையில் நிற்கும். ராஜாத்திக்குப் பையன் பிறந்தபோது, 'மூக்கு அப்படியே தாத்தா மூக்கு என்று ஊரே சொல்கிறது' என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நான் மொட்டை மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நடந்தேன்.

அதுவரைக்கும் எனக்கு அது யாரோ பழைய வெள்ளைக்காரன். இப்போது மியூசியத்தில் அவர் பேர், ஊர், உத்தியோகம் எல்லாம் தெரிந்துவிட்டது! வீட்டுக்கு வந்தால் மேஜை மேல் பொன்னுச்சாமியின் கடிதம்.

'அண்ணே, நம்ம தோட்டத்து ஏலக்காயைப் பாக்கெட் போட்டு விற்கலாம் என்று இருக்கிறேன். அப்பா படம்தான் மார்க். பம்பாய், அரபு நாடு எல்லாம் போகும். பாக்கெட்டுக்குத் தகுந்த மாதிரி, ஒரு நாலணா சைஸில் வரைந்து கொடுக்க வேண்டும்.'

நாலணா சைஸ்! மார்க் என்றால் ஊர் ஊராகப் போகும். படித்தவன் எவனாவது ஒருத்தன் பார்ப்பான். 'இது ரோமாபுரி ராஜாவாச்சே' என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பு சிலமலைக்கு வந்துசேர எத்தனை நாளாகும்? பொன்னுச்சாமி என்னைத் திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். ராஜாத்தி? ஒரே ஒரு அப்பாவைக் கொடுத்தவன், நானே போய் அவரைப் பிடுங்க வேண்டும். இரண்டு நாள் தவித்தேன். பிறகு, யாரோ சொல்லித் தெரிவதற்கு நாமே சொல்லிவிடுவது மேல் என்று பஸ் ஏறிவிட்டேன்.

சிலமலையில் இறங்கும்போது காலை பத்து மணி. வீட்டில் முத்தம்மா மட்டும் இருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. இப்போது கதவுக்குப் பின்னால் நிற்பதில்லை, கூடத்திலேயே உட்காருகிறார்.

"வாங்க அப்பு. அவன் போடிமெட்டுக்கு ஜீப்புல ஆளேத்திக்கிட்டுப் போயிருக்கான். வர சாயந்தரமாகும். மார்க்குப் போடப்போறேன்னு எழுதுனானாக்கும்?"

"ஆமாம்மா. அது விஷயமாத்தான்..."

"வேணாம்னுட்டேன்."

"என்னது?"

"ஏலக்காய எடுத்துக்கிட்டுப் பாக்கெட்ட என்ன செய்வாக? தெருவுலதான எறிவாக? வீட்டு மனுசன் மூஞ்சி சாக்கடையில கெடக்கணுமா? ஒரு யானையப் போட்டுக்கடான்னுட்டேன். சரின்னுட்டான்."

அப்பாடா! யானை வாழ்க! எனக்கு அப்படியே அந்த யானையைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. வந்த வேலை நான் வாயைத் திறக்காமலே முடிந்துவிட்டது. காப்பியைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். வேறு யாராவது புத்திசாலி என்றால் அதைத்தான் செய்திருப்பான்.

சுவரில் ராஜா இருந்தார். அன்றைக்கு வைத்த புது மல்லிகைச் சரம். அதைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன் — பொட்டிபுரம், கருப்பையா, காசு, பென்சில், மியூசியம். சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ராசாவா அப்பு?" என்றார் முத்தம்மா.

"ஆமாம்மா. ரோமாபுரி ராஜா."

"இங்கிட்டு எதுக்கு வந்தாராம்?"

"அவர் வரலம்மா. அவர் ஊர் யாவாரிக வந்தாக. மிளகு, வாசனைச் சரக்கு வாங்க. அப்பக் குடுத்த காசு."

"ஓ... மலைச் சரக்கு வாங்க வந்த காசா?" என்று படத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். எனக்குப் பயமாகப் போய்விட்டது.

"அது அவுக இல்லேனு எனக்குத் தெரியாதாக்கும்?"

"தெரியுமா? அப்ப ஏன் அன்னைக்கு இருக்கட்டும்னு சொன்னீங்க? முந்துன மூணு படத்தையும் இல்லேன்னீங்களே?"

முத்தம்மா தரையை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கு அவுக மொகம் தெரியாது அப்பு."

எனக்குப் புரியவில்லை.

"பதினாறு வயசுல கட்டிக் குடுத்தாக. ஆறு வருசம் வாழ்ந்தேன். மாசத்துல இருவத்தஞ்சு நாளு அவுக மலையில. எறங்கி வந்தா வீடு நெறைய ஆளு. மாமியா, மாமனாரு, நாத்தனாரு... நிமிந்து புருசன் மொகத்தப் பாத்தா 'இவ பார்வையப் பாத்தியா'ம்பாக. விளக்க அமத்துனதுக்குப் பெறகு என்னத்தத் தெரியும்? சோத்தப் போட்டுட்டு, இந்தா, இந்தக் கதவுக்குப் பின்னால வந்து நின்னுக்கிருவேன். அங்கிட்டு ஒக்காந்து சாப்புடுவாக. காது தெரியும். தாடை அசையிறது தெரியும். பொடரி தெரியும். அம்புட்டுத்தான் நான் பாத்தது. காய்ச்சல்ல போனப்ப மேலேயே எரிச்சுட்டு வந்துட்டாக. கடசியாவும் பாக்கல."

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க கொண்டாந்த மூணு படமும் நேரா என்னையப் பாத்துச்சு. அப்படி என்னையப் பாத்த ஆள எனக்குத் தெரியாது. நாலாவது படம் திரும்பி ஒக்காந்திருந்துச்சு. நான் கதவுக்குப் பின்னாலருந்து பாக்குறேன்... அதே மாதிரி. மூக்கு யாரு மூக்கோ. ஆனா அப்படித்தான் அப்பு இருப்பாக எங்க வீட்ல."

அந்தக் காலத்து ராஜாக்கள் எதற்காகக் காசில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்களோ, நமக்குத் தெரியாது. ஆனால் உலகத்திலேயே ஒரு பெண்ணுக்கு அந்தக் கோணம் ஒன்றுதான் தெரிந்திருக்கிறது. பத்து வருஷமாக நான் சுமந்த பாரத்தை அவர் ஒரு மூட்டையாகவே நினைக்கவில்லை. அவர் சுமந்தது வேறு.

"இத நான் யார்ட்டயும் சொன்னதில்ல. புருசன் மொகம் தெரியாதுன்னு ஒரு பொம்பள வெளிய சொல்ல முடியுமா? நீங்க மனசத் தொறந்து சொல்லவும் எனக்கும் சொல்லணும்னு வந்துருச்சு. இப்ப நெஞ்சு லேசா இருக்கு."

எனக்கும்தான். எழுந்தேன். செருப்பைப் போடும்போது கடைசியாக ஒன்று உறுத்தியது.

"ராஜாத்திகிட்ட சொல்லிடணுமாம்மா?"

"எதுக்கு?" என்றார் முத்தம்மா. "அவ நேரா நின்னு, ஆசை தீர, அவ அப்பனப் பாத்துட்டா அப்பு. பாக்காதவ நான்தான்."

மதுரைக்குத் திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு கிடைத்தது. ஆண்டிபட்டி வரைக்கும் எதுவும் யோசிக்காமல் காற்று வாங்கிக்கொண்டு வந்தேன். அவ்வளவு நிம்மதி. அதற்கப்புறம்தான் ஒரு கேள்வி வந்தது. முத்தம்மாவைப் பார்க்கவிடாமல் தடுக்க வீடு நிறைய ஆள் இருந்தார்கள். நம்மை யார் தடுத்தது? பேப்பருக்குப் பின்னாலிருந்து காப்பி டம்ளரை வாங்குகிறோம். சாப்பிடும்போது ரேடியோவைப் பார்க்கிறோம். ஆல்பம் ஆல்பமாக போட்டோ இருக்கிறது என்கிற தைரியம்.

அன்று சாயங்காலம் கதவைத் திறந்த என் மனைவியை, வாசலிலேயே நின்று, நேருக்கு நேராக, ஒரு முழு நிமிஷம் பார்த்தேன்.

"என்ன... வீடு மாறி வந்துட்டீங்களா?" என்றாள்.